இன்ஜின் இங்கே... ரயில் எங்கே?

1856-ம் வருடம், ஜூலை 1-ம் தேதி. ராயபுரத்தில், கடலுக்குப் பக்கத்தில், புத்தம் புதிதாக ஒரு பெரிய கட்டடம். உயர உயரமான தூண்கள், விசாலமான ஹால். அங்கிருந்து மெட்ராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபுவும் சுமார் 300 ஐரோப்பியர்களும் ரயிலேறிக் கிளம்பினார்கள். வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம். ரயில் பெட்டிகள் கப்பலில் வரவில்லை. மெட்ராஸிலேயே இருந்த சிம்ஸன் கம்பெனிதான் செய்து கொடுத்தது. அதே நாளில் திருவள்ளூருக்கும் ஒரு ரயில் போனது. தென்னிந்தியாவின் ரயில் சரித்திரம் ஆரம்பித்தது இப்படித்தான்.

அந்தக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853-ல், பம்பாயில் போரி பந்தரிலிருந்து தானே வரைக்கும். ஆனால், அந்த இரண்டு ஸ்டேஷன்களின் பழைய கட்டடங்கள் இப்போது இல்லை. 1854-ல் கிளம்பிய ஹௌராவின் கதையும் அதேதான். ஆக, இந்தியத் துணைக்கண்டத்தில் மிச்சமிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது நம்ம ராயபுரம்!

பெருமைதான். ஆனால், இந்தப் பெருமையை ராயபுரத்துக்காரர் ஒருவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். ''எல்லாம் சரிதான் சார்... எங்க சொந்த ஊருக்குப் போக இங்கேர்ந்து ரயில் இருக்கா?'' என்று திருப்பிக் கேட்பார். நம்மிடம் பதில் இருக்காது. மதுரைக்கோ, நெல்லைக்கோ, கோவைக்கோ, பெங்களூருக்கோ போக வேண்டுமென்றால், தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அவர் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கோ, எழும்பூருக்கோ, தாம்பரத்துக்கோதான் போயாக வேண்டும். ராயபுரத்தில் நின்று போவதெல்லாம் பெரும்பாலும் எலெக்ட்ரிக் ட்ரெயின்.

ஏன் இப்படி ஆனது? 'மறுபடியும் ரயில் விடுங்கள்' என்று வடசென்னைக்காரர்கள் ஏன் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். ரயில் வேண்டுமென்று கெஞ்சுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. பம்பாய்க்கு முன்னாலேயே, 1837-ல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ஒரு தண்டவாளம் போட்டார்கள். ஆளை ஏற்றிப் போக அல்ல, ரோடு போடக் கல் ஏற்றிவர! இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்புறம் 1845-ல் மெட்ராஸுக்கு ரயில் விட ஒரு கம்பெனி தொடங்கி, அது எழுந்திருக்காமலே படுத்துவிட்டது. 1850-களின் தொடக்கத்தில் மறுபடியும் கம்பெனியை உயிர்ப்பித்து, 1853-ல் வேலையை ஆரம்பித்தார்கள்.

எதிர்ப்பு இல்லாமலா? நிறையவே இருந்தது. காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் பெயர் வாங்கிய சர் ஆர்தர் காட்டன், 'இந்த நாட்டுக்கு ரயிலைவிடக் கால்வாய்தான் லாபம், படகில் சரக்கு அனுப்பினால் செலவு குறைவு' என்று கடைசி வரை வாதாடினார். அது வெறும் பிடிவாதம் இல்லை. எண்ணூர் உப்பு மெட்ராஸுக்கு வந்துகொண்டிருந்தது, 1800-களின் தொடக்கத்தில் வெட்டிய கால்வாய் வழியாகத்தான். பிற்பாடு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் வாங்கியதே, அதே கால்வாய். இன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோமே... அதேதான்!

கடைசியில் ஜெயித்தது ரயில். காரணம், பணம். 'இந்தியாவில் ரயில் பாதையில் முதலீடு செய்யுங்கள், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வருடத்துக்கு சுமார் 5 சதவிகிதம் உங்களுக்கு உத்தரவாதம்' என்று லண்டன் முதலாளிகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். லாபம் வராவிட்டால் யார் பணம் கொடுப்பது? இந்தியாவின் வரிப்பணம்! ரயிலில் ஒரு தடவைகூட ஏறாத ஒரு குடியானவனும் அந்த ரயிலுக்காகக் காசு கொடுத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு பெரிய மெட்ராஸில் ஸ்டேஷன் கட்ட ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மரப்பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில்தான் சரக்கும் வரும், ஆளும் வருவார். அலையில் அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் குடியிருந்த இடங்களில் ராயபுரம் முக்கியமானது. ஊரின் பெயரே அப்படித்தானே! தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பீட்டரை 'ராயப்பர்' என்பார்கள். படகுக்காரர்கள் எழுப்பிய அவருடைய கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம், மண்ணடியும் முத்தியாலுப்பேட்டையும். வியாபாரமெல்லாம் நடந்த கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், கூப்பிடு தூரத்தில். ஸ்டேஷனை வேறு எங்கே கட்டுவார்கள்? கடலும் கடைத்தெருவும் கைகோத்த இடத்தில் ரயிலை நிறுத்தினார்கள். ரொம்ப நியாயமான கணக்கு.

அந்தக் கணக்கு சீக்கிரமே மாறிவிட்டது. 1862-க்குள் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரைக்கும் போய்விட்டது. பயணிகள் கூட்டம் பெருகியது. 1873-ல் பார்க் டவுனில் சென்ட்ரல் வந்தது. கோட்டைக்கும் பக்கம், பெரிய ஆஸ்பத்திரிக்கும் பக்கம், மவுன்ட் ரோட்டுக்கும் பக்கம். துரைமார்கள் மெள்ள மெள்ள நகர்ந்துபோன திசைக்கும் அதுதான் வசதி. 1907 வாக்கில் ராயபுரம் கடைசி ஸ்டேஷன் என்ற அந்தஸ்தையும் இழந்தது. 1908-ல் எழும்பூர் ஸ்டேஷன் திறந்தார்கள். ரயில்வேயின் தலைமை அலுவலகம் கொஞ்ச காலம் ராயபுரத்தில் தாக்குப்பிடித்தது. 1922-ல் அதுவும் சென்ட்ரல் பக்கத்தில் கட்டிய புது மாளிகைக்குப் போய்விட்டது.

ஆக, கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. டைம்டேபிளிலிருந்து ரயில்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவ்வளவுதான். ஒரு ஸ்டேஷன் உயிரை விட அது போதும்.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். 'ஊர் தெற்கே வளர்ந்தது, ரயிலும் தெற்கே போச்சு. இதில் என்ன அநியாயம்?'

நல்ல கேள்வி. ஆனால், வடக்கு வளராமல் இருந்ததா என்ன?

1899-ல் மெட்ராஸையும் கூடூரையும் இணைக்கும் பாதை வந்தது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் என்று வடக்கே போகிற பாதை. அந்தப் பாதையோரம் அதற்கப்புறம் என்னென்ன முளைத்தன என்று எண்ணிப் பாருங்கள். தீப்பெட்டி செய்யும் விம்கோ, ஸ்டேஷனுக்கே விம்கோ நகர் என்று பெயர் வரும் அளவுக்குப் பிரமாதமாக இருந்தது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாக ஆரம்பித்ததுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், பிறகு அதுவே அசோக் லேலண்ட். 1955-ல் திருவொற்றியூருக்கு வந்த என்ஃபீல்டு புல்லட். அப்புறம் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 90-களில் அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர் துறைமுகம்... மெட்ராஸ்காரன் ஸ்விட்ச் போட்டால் லைட் எரிந்தது, பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றால் டேங்க் நிறைந்தது. அதெல்லாம் எங்கிருந்து வந்தது? இங்கிருந்துதான்!

இத்தனைக்கும் சரக்கு வர வேண்டுமே? வந்தது. நிலக்கரி, இரும்புத்தாது, எண்ணெய், உரம் என்று வேகன் வேகனாக வந்தது. ஆளுக்கு என்ன கிடைத்தது? 1979-ல் கும்மிடிப்பூண்டி வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயின். நல்ல விஷயம்தான். ஆனால், அந்த மார்க்கத்தில் தினமும் வேலைக்குப் போகிற யாரையாவது கேளுங்கள். ''எக்ஸ்பிரஸ் போகணும்னு நிறுத்துவான், கூட்ஸ் போகணும்னு நிறுத்துவான்'' என்பார்கள். வடக்கே போகிற எக்ஸ்பிரஸ், மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் போகிற கூட்ஸ், ஆபீஸுக்கும் ஆலைக்கும் போகிற லோக்கல் மூன்றும் ஒரே மார்க்கத்தில் நெருக்கியடித்தால், காத்திருக்க வேண்டியது யார் என்று சொல்லவா வேண்டும்?

தூசிக் கதை இன்னும் கொடுமை. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியும் இரும்புத்தாதுவும் ராயபுரம் வீடுகளின் கொடித் துணியில் படிந்தது, சுவாசத்திலும் கலந்தது. பிரச்னை கோர்ட்டுக்குப் போய், 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் இந்தத் தூசிச் சரக்குகளைக் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது. நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு! வடசென்னை ஜெயித்தாலும் பாரத்தை இறக்கிவைப்பது இன்னொரு வடசென்னைக்காரன் தலையில்தான்.

முன்னே சொன்னேனே, ரயிலில் ஏறாமலே ரயிலுக்குக் காசு கொடுத்த குடியானவன்... அவன் இப்போது எங்கே குடியிருக்கிறான் என்று புரிகிறதா?

இனி, கோரிக்கைக்கு வருவோம். ராயபுரத்தைச் சென்னையின் இன்னொரு ரயில் முனையமாக்க வேண்டும் என்ற குரல் வலுப்பட ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ரொம்ப காலம் மெட்ராஸ் இரண்டு ரயில் ஊராக இருந்தது. சென்ட்ரல் பக்கம் பிராட்கேஜ், எழும்பூர் பக்கம் மீட்டர்கேஜ். தண்டவாளத்தின் அகலமே வேறு வேறு என்பதால், இந்த ரயில் அந்தப் பாதையில் போகவே முடியாது. கடற்கரை-தாம்பரம் பாதையில் 2004-ல் மீட்டர்கேஜ் ஓட்டம் முடிவுக்கு வந்தது. இரண்டு ரயிலும் ஒரே ஜாதி ஆனது! உடனே மேப்பைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டது. கடற்கரை ஸ்டேஷன் வழியாகத் தெற்கே போகலாம், பேசின் பிரிட்ஜ் வழியாக மேற்கே போகலாம், கொருக்குப்பேட்டை வழியாக வடக்கே போகலாம். மூன்று திசைக்கும் வாசல் திறந்திருக்கும் இடம் ராயபுரம். ரயில்வேக்கு அங்கே சுமார் 72 ஏக்கர் நிலம் இருக்கிறது என்பது கோரிக்கை வைப்பவர்களின் வாதம். கேட்க மாட்டார்களா?

கேட்டார்கள். குடியிருப்போர் சங்கங்கள், வியாபாரிகள், மீனவர்கள், கட்சிக்காரர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். 2005-ல் ரயில்வே அந்தப் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து, வெள்ளையடித்து, பளபளவென்று ஆக்கிக் கொடுத்தது. மறு வருடம் 150-வது பிறந்தநாள். சந்தோஷம். ஆனால், மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போனது. 2018-ல் அங்கிருந்து ரயில்கள் கிளம்பத் தொடங்கின. நான்காவது முனையத்துக்கு இப்போது தெற்கு ரயில்வே முன்வைத்திருக்கும் பெயர் பெரம்பூர். ராயபுரத்துக்காரர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

ரயில்வே தரப்பையும் நியாயமாகப் பார்த்துவிடுவோம். முனையம் என்றால் நாலு பிளாட்பாரம் போட்டு போர்டு மாட்டுவது அல்ல. வந்து நிற்கும் ரயிலைக் கழுவ, அடிவயிற்றைச் சோதிக்கப் பள்ளம் வெட்டிய 'பிட் லைன்' வேண்டும். அடுத்த நடை வரைக்கும் அதை நிறுத்திவைக்கத் தனித் தண்டவாளம் வேண்டும். 24 பெட்டி ரயில் நிற்க அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான பிளாட்பாரம் வேண்டும். தண்ணீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே நெரிசலில் தவிக்கும் பேசின் பிரிட்ஜ் பக்கம் புது ரயில்கள் நுழைய நேரம் கிடைக்க வேண்டும். ரயில் இறங்கிய ஜனங்கள் வெளியே போக நல்ல ரோடும் பஸ்ஸும் வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஏரியா இது. எதுவுமே சுலபமில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால், வேடிக்கையைப் பாருங்கள். அடுத்த தடவை நீங்கள் எக்ஸ்பிரஸ் ரயிலில் போகும்போது இன்ஜினின் பக்கவாட்டைக் கவனியுங்கள். பல இன்ஜின்களில் 'ஆர்.பி.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது அந்த இன்ஜினின் தாய்வீடு. ராயபுரம்! தென்னகத்தின் பெரிய ரயில்களை இழுக்கும் மின்சார இன்ஜின்களில் நிறைய ராயபுரம் ஷெட்டைச் சேர்ந்தவை. அங்கேதான் சோதிக்கிறார்கள், பழுதுபார்க்கிறார்கள். இன்ஜின் ராயபுரத்தில் தூங்கி எழுந்து, காலையில் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் வேலைக்குப் போகிறது, வடசென்னை ஆட்களைப் போலவே!

இதற்கிடையில் பஸ் ஸ்டாண்டும் அல்லவா ஓடிப்போனது? ஒரு காலத்தில் பாரிமுனைக்கு நடந்து போய் வெளியூர் பஸ் பிடித்தவர்கள் ராயபுரத்துக்காரர்கள். 2002-ல் பஸ் நிலையம் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பரில் தென் மாவட்டப் பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் திறந்தார்கள். எண்ணூரிலிருந்து கிளாம்பாக்கம் 40 கிலோமீட்டருக்கு மேல். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு குழந்தை, நாலு பை, ஒரு கரும்புக் கட்டு. ஊரைத் தாண்டுவதற்கே பாதி நாள் போய்விடுகிறது.

'கேட்டு என்ன பிரயோஜனம், நடக்கவா போகுது?' என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு கதை சொல்கிறேன்.

முதல் கதை ஸ்காட்லாந்தில். எடின்பரோவிலிருந்து தெற்கே எல்லையோர ஊர்களுக்குப் போன ரயில் பாதையை, 'நஷ்டம்' என்று சொல்லி 1969 ஜனவரியில் மூடினார்கள். அதற்கு முன்பே மேட்ஜ் எலியட் என்ற இல்லத்தரசி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு லண்டனுக்கே போய்ப் பிரதமர் வாசலில் கொடுத்துவிட்டு வந்தார். பலனில்லை. கடைசி ரயில் வந்த இரவு, நியூகாசில்டன் என்ற கிராமத்து ஜனங்கள் லெவல் கிராசிங் கேட்டை மூடி ரயிலை மறித்தார்கள். ஊர்ப் பாதிரியாரையே போலீஸ் பிடித்துப் போனது! அதே ரயிலில் வந்த தொகுதி எம்.பி. டேவிட் ஸ்டீல் இறங்கிவந்து சமாதானம் பேசிய பிறகுதான் ரயில் நகர்ந்தது. பாதையைப் பெயர்த்தெடுத்தார்கள். கதை முடிந்ததா? இல்லை. 1999-ல் அங்குள்ளவர்கள் மறுபடியும் இயக்கம் தொடங்கினார்கள். கணக்கு காட்டினார்கள், மனு கொடுத்தார்கள். 2015 செப்டம்பரில் அந்தப் பாதையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்துக்கு மீண்டும் ரயில் ஓடியது. 46 வருடம் கழித்து! முதல் ஓராண்டிலேயே பயணங்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. 'ஆள் ஏற மாட்டார்கள்' என்ற வாதம் அதோடு ஒழிந்தது.

இரண்டாவது கதைக்கு வெளிநாடு போக வேண்டாம். சென்னை மெட்ரோ ரயிலின் முதல் திட்டம் வண்ணாரப்பேட்டையோடு நின்றது. 'ஏன், அதுக்கு வடக்கே மனுஷங்க இல்லையா?' என்று தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் கேட்டன. நீட்டிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த வட்டாரத்தின் ஆர்.கே. நகர் தொகுதியிலிருந்து தேர்வாகி முதல்வராக இருந்த ஜெயலலிதா 2016-ல் அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. எண்ணூருக்கு இன்னும் வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால், கேட்டதால் வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

எச்சரிக்கையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகிலேயே இன்று மிச்சமிருக்கும் மிகப் பழைய பயணிகள் ரயில் நிலையம் இங்கிலாந்தில், மான்செஸ்டரின் லிவர்பூல் ரோடு. 1830-ல் திறந்தது. வேறு பெரிய ஸ்டேஷன் வந்ததும் 1844-லேயே பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். சரக்குக் கிடங்காகக் காலம் தள்ளி, கடைசியில் மியூசியம் ஆகிவிட்டது. அழகான மியூசியம்தான். ஆனால், அங்கே யாரும் ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு வருவதில்லை. ராயபுரம் அந்த நிலைக்கு இன்னும் போகவில்லை. தண்டவாளம் இருக்கிறது, பிளாட்பாரம் இருக்கிறது, தினமும் ரயில் நிற்கிறது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயிலையே கடற்கரைக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்தார்களே... அந்தப் பாதையால் யாருக்கு லாபம்? வடக்கேயிருந்து தெற்கே போகிற ரயில்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது. முன்பு 'பாதை இல்லை' என்று சொன்ன இடத்தில் இப்போது கொஞ்சம் பாதை இருக்கிறது. ஆகவே கேள்வியைப் புதிதாகக் கேட்கலாம்.

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். முழு முனையம் கட்ட வருடங்கள் ஆகும் என்றால் ஆகட்டும். வடக்கேயும் தெற்கேயும் போகிற ரயில்கள் சிலவற்றை ராயபுரம் வழியாக விட்டு, இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். தெற்கே போக ஒரு ராத்திரி ரயிலை இங்கிருந்து கிளப்பிப் பாருங்கள். கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்துக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின்களைக் கூட்டுங்கள். ஆள் ஏறுகிறார்களா, இல்லையா என்று ரயில்வேயே எண்ணிப் பார்க்கட்டும்.

வடசென்னை வாசகர்களுக்கு ஒரு வேலை. ரயில்வே எண்ணிப் பார்ப்பது விற்ற டிக்கெட்டை. 'மெட்ரோவுல போயிக்கலாம், ஷேர் ஆட்டோவுல போயிக்கலாம்' என்று விட்டுவிட்டால், ராயபுரத்தின் கணக்கில் ஆளே இருக்காது. கையெழுத்து இயக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள், சந்தோஷம். அதோடு, கடற்கரைக்கோ கொருக்குப்பேட்டைக்கோ போகும்போது, அந்தப் பழைய தூண்களுக்கு நடுவே நடந்துபோய் கவுன்ட்டரில் ஒரு டிக்கெட் வாங்கி ரயிலேறுங்கள். அடுத்த தடவை மனு கொடுக்கும்போது, அந்த டிக்கெட்டுகளும் உங்களோடு சேர்ந்து பேசும்.